கோடி அற்புதரும் இரும்புப் பெட்டகமும்

பெட்டகம் மறுபடியும் கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"சரி, பிழை. விளங்குது," என்றார் அருட்பிரகாசம். "அப்ப சரியானதைச் சொல்லன்."

பெட்டகம் சொல்லவில்லை. ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து வீடொன்றின் நிலவறையில், சலவை இயந்திரத்துக்கு எதிரே, சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கப்பட்டு அது அசையாமல் நின்றது. உள்ளே ஒரு ரைஃபிளும் ஒரு பிஸ்டலும், அவர் தன் கையாலேயே மருந்து நிரப்பிய துப்பாக்கி ரவைப் பெட்டிகளும் இருந்தன. வெளியே அவர் முழங்காலில் நின்றார். மறுநாள் காலை வட்டாரப் போட்டி. சுடும் சங்கத்தின் அணியில் இந்த வருடம்தான் முதல் தடவையாக அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் உடோ. போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பேச்சுப் பேசினார். "பிறந்த நாளையும் கலியாண நாளையும் பெட்டக இலக்கமாக வைத்திருப்பவர்கள், கதவைத் திறந்தே வைத்துவிடலாம்," என்றார். அருட்பிரகாசத்தின் இலக்கம் கலியாண நாள்தான். அன்றே வீட்டுக்கு வந்து, எதனோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆறு இலக்கங்களாக அதை மாற்றினார். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதக்கூடாது என்றும் உடோ சொல்லியிருந்தார். யாருக்கும் சொல்லவுமில்லை, அது சட்டம். அனுமதி இல்லாத எவருக்கும், கட்டிய மனைவிக்குக்கூட, அந்த இலக்கம் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆயுத அட்டையைப் பறித்துவிடுவார்கள்.

இரகசியம் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டுவிட்டது. இப்போது அவருக்கே தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ!" மேலே குசினியிலிருந்து மனைவி கொறற்றியின் குரல் வந்தது. "கீழை கெல்லருக்கை என்ன கீச்சுக் கீச்செண்டு சத்தம்? எலியோ?"

"எலியில்லை. நான்தான்."

"உங்களுக்கென்ன?"

"ஒண்டுமில்லை. பற்றரி வீக்காப் போச்சுப்போலை."

சொன்ன பிறகுதான் அது உண்மையாகவும் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இலக்கம் சரியாக இருந்து, பற்றரி பிழையாக இருந்தால்? மனிதனுக்கு நம்பிக்கை வருவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. பெட்டகத்தின் பற்றரியைக் கழற்றினார். அதே அளவில் இன்னொன்று வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்தார். படிக்கட்டுக்கு மேலே முகட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தது. கதிரை போட்டு ஏறி, அதிலிருந்த நல்ல பற்றரியை எடுத்துப் பெட்டகத்துக்குப் போட்டார். பெட்டகத்தின் பழைய பற்றரியைப் புகைக் கருவிக்குள் போட்டார்.

பெட்டகம் புதுத் தெம்போடு, முன்னையிலும் உரத்துக் கத்திச் சிவப்பைக் காட்டியது. இத்தனை பிழைக்குப் பிறகு கொஞ்ச நேரம் எந்த இலக்கத்தையும் ஏற்கமாட்டேன் என்று அடித்துப் பூட்டிக்கொண்டது. முகட்டில் புகைக் கருவி, பற்றரி போதாதென்று, 'கீக்' என்றது. சற்று நேரம் கழித்து மறுபடியும் 'கீக்' என்றது.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

கொறற்றி போய்க் கதவைத் திறந்தாள். வெளியே இரண்டு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். மாநிறம், சுருண்ட கருங்கூந்தல், கறுத்த பெரிய கண்கள். பின்னால் ஒரு தடித்த ஜேர்மன்காரர். வெள்ளை மீசை, தலையில் தொப்பி, கையில் பை.

"வணக்கம். ஆயுதக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து வருகிறோம்," என்று அந்தப் பெண் சுத்தமான ஜேர்மன் மொழியில் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினாள். "என் பெயர் மொந்தேரோ. இவர் ட்ரேவெஸ். உங்கள் கணவருடைய பெட்டகத்தைப் பார்க்க வேண்டும். முன்கூட்டி அறிவிக்காத வழமையான பரிசோதனைதான். நேரம் வசதிப்படுமா?"

அருட்பிரகாசம் நிலவறைப் படியில் ஏறி வந்து, இதைக் கேட்டு, அப்படியே நின்றுவிட்டார். வசதிப்படாது என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னவர்களைப் பற்றி அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள் என்பதையும் உடோ விளக்கமாகப் பேசியிருந்தார்.

"நல்ல வசதி," என்றார்.

"இருங்கோ, இருங்கோ!" என்று கொறற்றி இருவரையும் இருக்கைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கோயில் செபக் கூட்டத்துக்காகப் பொரித்து வைத்த ரோல்ஸ் ஒரு தட்டு மேசைக்கு வந்தது. மொந்தேரோ கடமை நேரத்தில் எதுவும் தொடுவதில்லை என்று கையை அசைத்தாள். ட்ரேவெஸுக்கு அப்படி ஒரு கொள்கை இருப்பதாகத் தெரியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார், கண்ணை மூடினார், இன்னொன்றை எடுத்து மற்றக் கையில் வைத்துக்கொண்டார்.

அருட்பிரகாசம் மனைவியைக் குசினிப் பக்கம் இழுத்தார். "கொறற்றி, மெல்லமாக் கதையும். அந்தப் பிள்ளை எங்கடை ஆள்மாதிரிக் கிடக்கு."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது. முழி எங்கடை முழி."

"தமிழ் விளங்குமெண்டால் நான் உம்மோடை ஒண்டும் கதைக்க ஏலாது."

"இப்ப பாருங்கோ," என்றாள் கொறற்றி. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், மேசையில் வைத்து, முகத்தில் பெரிய சிரிப்போடு தமிழில் சொன்னாள்: "பிள்ளை, உங்கடை தோளிலை ஒரு பல்லி ஏறுது."

மொந்தேரோ அசையவில்லை. "நன்றி, மிகவும் அன்பாக இருக்கிறீர்கள்," என்று ஜேர்மனில் சொல்லி, தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

ட்ரேவெஸுக்கு அந்த நேரம் பார்த்துப் புரையேறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

"ஐயோ பாவம், உறைப்பு," என்று கொறற்றி அவருடைய முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிறகு மொந்தேரோவிடம், அப்பா அம்மா எந்த ஊர் என்று மெதுவாக விசாரித்தாள். அப்பா கேப் வேர்டே தீவுக்காரர், அம்மா காஸல் நகரத்துக்காரி என்று பதில் வந்தது. கொறற்றி கணவனைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். தமிழுக்கு இனித் தடையில்லை.

ஆனால் தமிழில் சொல்வதற்கு அருட்பிரகாசத்திடம்தான் எதுவும் இல்லை. நிலவறைப் படியில் அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கும்போது, அவர் மனதில் நாளைய போட்டி ஓடியது.

பத்து வருடங்களுக்கு முன், குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஒருவர்தான் சங்கத்தின் கோடை விழாவுக்கு அவரை முதலில் கூட்டிக்கொண்டு போனார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரிலையிருந்து ஓடி வந்த ஆள், இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?" என்று கொறற்றி அன்றைக்குக் கேட்டாள். ஆனால் அந்த மண்டபத்தில் அவர் கண்டது அவர் அறியாத ஒன்று. யாரும் இன்னொருவருடைய ஆயுதத்தைக் கேட்காமல் தொடவில்லை. எதையும் கையில் எடுத்தவுடன் முதலில் வெறுமையா என்று பார்த்தார்கள்; வெறுமை என்று மற்றவன் சொன்னாலும் தாங்களும் பார்த்தார்கள். குழல் எப்போதும் ஒரே திசையைத்தான் நோக்கியது. ஒருவர் 'நிறுத்து' என்றால் எல்லாரும் கையை எடுத்தார்கள். துவக்கு வைத்திருக்கும் மனிதர்கள் இப்படிப் பயந்து பயந்து நடப்பதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவருக்கு அது பிடித்துப்போனது. தொழிற்சாலையில் யாராலும் முழுதாக உச்சரிக்க முடியாத அவருடைய பெயரை, சங்கத்தில் 'அருள்' என்று கூப்பிட்டு முதுகில் தட்டினார்கள். அதுவும் பிடித்துப்போனது.

இதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

முகட்டில் 'கீக்' என்றது.

"உங்கள் புகைக் கருவிக்குப் பற்றரி மாற்ற வேண்டும்," என்றாள் மொந்தேரோ.

"போன வாரம்தான் நல்லதாக இருந்தது," என்றார் அருட்பிரகாசம், முழு உண்மையோடு.

பெட்டகம் இன்னும் இறுகப் பூட்டித்தான் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. "முதலில் என்னுடைய ரவை நிரப்பும் மேசையைக் காட்டுகிறேன்," என்றார். "அதற்குத் தனி அனுமதி எடுத்திருக்கிறேன்."

அந்த மேசைக்கு முன் நின்றதும் அவருக்குச் சற்று உயிர் வந்தது. அழுத்தும் கருவியைக் காட்டினார். வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசைக் காட்டினார். தங்கம் நிறுக்கிறவன்கூட இப்படி நிறுக்கமாட்டான் என்றார். ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும்தான் மேசைக்கு வரும், மற்றதெல்லாம் வேறு பெட்டியில் பூட்டில் இருக்கும். வேலை செய்யும்போது தொலைபேசியை நிறுத்திவிடுவேன், மனைவி பேசினாலும் பதில் சொல்லமாட்டேன் என்றார்.

"அது வேலை இல்லாத நேரத்திலும் அப்பிடித்தான்," என்று படியில் நின்ற கொறற்றி தமிழில் சொன்னாள்.

ட்ரேவெஸ் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இது?" என்று மொந்தேரோ மேசையின் கீழிருந்த வாளி போன்ற இயந்திரத்தைக் காட்டினாள்.

"சுட்ட ரவைகளின் வெறுங்கோதுகளைத் துலக்குகிற இயந்திரம். உள்ளே அரைத்த வால்நட் கோது. போட்டுக் குலுக்கினால் பித்தளை பளபளக்கும். துலக்கினால்தான் வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். சந்தேகமான கோதை நான் மறுபடி நிரப்புவதே இல்லை." அவர் உற்சாகத்தோடு மூடியைத் திறந்து கையை விட்டார். ஒரு பிடி கோதுகள் வந்தன. கோதுகளின் நடுவே, கையில் குழந்தை இயேசுவோடு, பொன்னாக மின்னிக்கொண்டு பித்தளை அந்தோனியார் வந்தார்.

எல்லாரும் அந்தோனியாரைப் பார்த்தார்கள்.

"இதை நீர் எப்ப உள்ளுக்குப் போட்டனீர்?" என்றார் அருட்பிரகாசம் தமிழில்.

"செவ்வாய்க்கிழமை. எவ்வளவு புளி போட்டுத் தேய்ச்சும் கறுப்புப் போகேல்லை. இப்ப பாருங்கோ, புதுச் சுரூபம்மாதிரி."

"உம்மை இந்த மேசையிலை கைவைக்க வேண்டாம் எண்டனானல்லோ!"

"நான் மேசையிலை வைக்கேல்லை. மேசைக்குக் கீழைதானே கிடக்கு."

"உங்கள் மனைவி இந்தக் கருவிகளைப் பாவிப்பாரா?" என்று மொந்தேரோ கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"வெறுங்கோதுகள் மட்டும்தான் அதில். உடுப்புத் தோய்க்க இறங்கி வருவாள். மருந்துப் பெட்டியின் திறப்பு என்னிடம்தான்," என்று அவர் இடுப்பிலிருந்த திறப்பை இழுத்துக் காட்டினார்.

"நல்லது. பெட்டகத்தின் இலக்கம்?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்," என்று சொல்லும்போதே, அந்த ஒருவருக்கும் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

"அப்படியானால் திறக்கலாம்."

அவர் மறுபடியும் முழங்காலில் விழுந்தார். அந்தோனியாரைப் பெட்டகத்தின் மேலே வைத்தார். பெட்டகம் மறுபடியும் இலக்கம் ஏற்கும் நேரம் வந்திருந்தது. விரலை நீட்டினார். விரல் எந்தப் பொத்தானுக்கும் போக மறுத்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் கொறற்றி படியிலிருந்து. "நம்பர் மறந்து போச்சோ?"

அவர் திரும்பாமலே தலையை ஆட்டினார்.

"அதுக்கேன் இந்தப் பாடு? எனக்குத் தெரியும்."

அருட்பிரகாசம் விரலை இழுத்துக்கொண்டார். "உமக்குத் தெரியுமோ? உமக்குத் தெரியக்கூடாது! அதுதான் சட்டம்!"

"நான் என்ன களவாப் பார்த்தனானோ? நாலு நாளா நித்திரையிலை நீங்கள்தான் புலம்பிறியள். காதைப் பொத்திக்கொண்டோ படுக்கிறது?"

"ஏதும் பிரச்சினையா?" என்றாள் மொந்தேரோ.

"இல்லை, இல்லை," என்றார் அவர். கண் மேலே போனது. அந்தோனியார் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் மனைவி செபம் சொல்கிறாள். இந்தப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்தோனியாரிடம் கேட்டால் திறக்கும். எங்கள் வழக்கம்."

மொந்தேரோ புருவத்தை உயர்த்தினாள். ஆனால் ஒருவருடைய வேதத்தில் தலையிடுவது அவள் கடமையில் இல்லை. ட்ரேவெஸ் உடனே தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். எவ்வளவு பக்தியான மனிதர் என்று கொறற்றிக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அவள் கைகளைக் கூப்பிக்கொண்டு, மன்றாட்டுமாலை இராகத்தில் எடுத்தாள்:

"கோடி அற்புதரான புனித அந்தோனியாரே... எழுபத்துநாலு..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்று அருட்பிரகாசம் ஏழையும் நாலையும் அழுத்தினார்.

"காணாமற்போனவைகளைக் கண்டெடுப்பவரே... முப்பத்தெட்டு..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"ஞாபகமறதியுள்ள புருஷன்மாருக்குத் துணையே... அறுபத்திரண்டு..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கீச். சிவப்பு.

"பிழையான நம்பர் தந்திருக்கிறீர்!" என்று அவர் அதே இராகத்தில் பாடினார்.

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னன்!" என்று அவளும் இராகம் பிசகாமல் பாடினாள். "சீபன் வியர்சிக் எண்டு முதலிலை சொன்னனீங்கள். சீபன் ஏழு. வியர்சிக் நாற்பதிலை நாலு. எழுபத்துநாலுதானே?"

அருட்பிரகாசம் பாட்டை நிறுத்தினார். "நான் நித்திரையிலை டொச்சிலையோ புலம்பினனான்?"

"ஓம். சுத்த டொச்சு. பகலிலை அவ்வளவு நல்லாக் கதைக்கமாட்டியள்."

முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும், டொச்சு எனும் ஜேர்மன் மொழியில் கொறற்றிக்கு இடறுகிற ஒரேயொரு இடம் அதுதான். நாற்பத்தேழு என்பதை ஜேர்மன்காரர் 'ஏழும் நாற்பதும்' என்று பின்னாலிருந்து சொல்வார்கள். அவள் கேட்ட வரிசையிலேயே எழுதுவாள். அதனால் தொலைபேசியில் இலக்கம் கேட்டுப் பலமுறை அந்நியர்களோடு சுகம் விசாரித்திருக்கிறாள். அருட்பிரகாசத்தின் தலைக்குள் எல்லாம் திடீரென்று புரண்டு சரியாக விழுந்தது. நாற்பத்தேழு. எண்பத்துமூன்று. இருபத்தாறு.

அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். பச்சை விளக்கு வந்தது. உள்ளே ஏதோ 'டக்' என்று விலகியது. கனத்த கதவு தானாகவே கொஞ்சம் அசைந்து வெளியே வந்தது.

"ஆமென்," என்றார் ட்ரேவெஸ்.

அதற்குப் பிறகு எல்லாம் அழகாக நடந்தது. ரைஃபிளும் பிஸ்டலும் வெறுமையாக இருந்தன. ஆனாலும் அருட்பிரகாசம் ஒவ்வொன்றையும் எடுத்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வெறுமை என்று தானும் பார்த்து அவர்களுக்கும் காட்டித்தான் கொடுத்தார். தொடரிலக்கங்கள் ஆயுத அட்டையோடு ஒத்துப்போயின. ரவைப் பெட்டிகளில் எந்த ஆயுதத்துக்கு, எந்த மருந்து, எவ்வளவு, என்றைக்கு நிரப்பியது என்று அச்சடித்ததுபோல் ஒட்டியிருந்தது. மொந்தேரோ ஒரு பெட்டியைத் திறந்து, வரிசையாக நின்ற ரவைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னால், இந்த மாதம் நான் பார்த்ததில் மிகவும் ஒழுங்கான பெட்டகம் இதுதான்," என்றாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "பதிவுக்காக ஒருமுறை கேட்க வேண்டும். இலக்கம் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாதுதானே?"

முகட்டுக் கருவிகூட வாயைத் திறக்கவில்லை.

"யாருக்கும் சொல்லவில்லை," என்றார் அருட்பிரகாசம். கண் விழித்திருந்தபோது சொல்லவில்லை என்பதால் அது பொய்யில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் விளங்காது," என்று கொறற்றியும் ஜேர்மனில் ஒத்தாசைக்கு வந்தாள்.

மொந்தேரோ தன் கருவியில் ஏதோ தட்டினாள். குறை ஒன்றும் இல்லை என்றாள். நாளைய போட்டிக்கு வாழ்த்துச் சொன்னாள். புகைக் கருவிக்குப் பற்றரி வாங்கும்படி இன்னொருமுறை நினைவூட்டிவிட்டு, காரை எடுக்கப் போனாள்.

அருட்பிரகாசம் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அவர் சுடுவார். முதல் இடமோ கடைசி இடமோ, அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சுடுவார். கொறற்றி, மிஞ்சிய ரோல்ஸை ஈயத்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ட்ரேவெஸின் கையில் வைத்தாள்.

"பாவம், வாயில்லாத மனுசன்," என்றாள் கணவனிடம். "வந்த நேரம் தொடக்கம் அந்த ஆமெனைத் தவிர ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

"நல்ல காலம், கொறற்றி," என்றார் அவர். "இவரும் அவளைமாதிரிக் கேள்வி கேட்டிருந்தால், நீர் சொன்ன நம்பரோடை நான் இண்டைக்கு முடிஞ்சன்."

ட்ரேவெஸ் மெதுவாக நிமிர்ந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். கார்ப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அருட்பிரகாசத்தின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"அண்ணை, நம்பரை இண்டைக்கே மாத்திப்போடுங்கோ. அடுத்தமுறை நான் வரேக்கை எனக்குத் தமிழ் விளங்கும்."